பச்சிளங் குழந்தையின் இருதயமும் பனிக்கட்டியும்



"உடம்பு சில்லிட்டுப் போயிற்று" என்று ஒருவர் சொன்னால், அதற்குமேல் நாம் ஒன்றும் கேட்பதில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறோம். சூடு இருக்கும் வரையில் உயிர் இருக்கிறது. சூடு அடங்கினால் உயிரும் அடங்கிற்று என்பது தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் கண்டறிந்த உண்மை. ஆகையால், சில ஆண்டுகளுக்கு முன்பு நெட்டப்பாக்கத்தில் எங்கள் தெரு மூதாட்டி ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, "வாத்தியாரய்யா, கொழந்தைய ஐஸுல வெச்சு ஒடம்ப சில்லிட வெப்பாங்களாம், ரத்த ஓட்டத்தயே நிறுத்திடுவாங்களாம். அப்புறம் அது எப்படி ஐயா பொழைக்கும்?" என்று கேட்டபோது, அவர் அஞ்சியதில் வியப்பில்லை. எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை என்பதுதான் வெட்கம். பல்லாண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன் நான்.

அவருடைய பேத்தி பிறந்து இருபத்தாறு நாட்களே ஆகியிருந்தன. உதடும் நகக்கண்களும் நீலம் பாரித்திருந்தன. பால் குடிக்கக்கூட அக்குழந்தைக்கு மூச்சு போதவில்லை. புதுவையில் பார்த்த மருத்துவர்கள், இருதயத்தைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்தாலன்றிப் பிழைக்காது என்று கூறிச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே கையெழுத்து வாங்குவதற்கு முன்பு மருத்துவர் விளக்கிச் சொன்னதைத்தான் அந்த அம்மையார் என்னிடம் வந்து சொன்னார். என்னிடம் முன்னாளில் படித்து, இப்போது மயக்க மருந்து நிபுணராக இருக்கும் ஒருவரைக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் பின்னர் நான் தெரிந்துகொண்டவற்றை இன்று உங்களுக்குக் கூறுகிறேன்.

இருதயம் இரண்டு பக்கங்கள் உள்ள ஓர் இறைப்பான். வலப்பக்கம், உடல் முழுவதும் சுற்றிக் களைத்து வந்த ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே பிராணவாயுவை ஏற்றுக்கொண்ட ரத்தம், நான்கு சிரைகளின் வழியாக இடப்பக்கம் வந்து சேர்ந்து, மீண்டும் உடலெங்கும் பாய்கிறது. அந்தக் குழந்தைக்கு அந்நான்கு சிரைகளும் இடப்பக்கம் சேராமல், இருதயத்தின் பின்னால் ஒன்றுகூடி, வலப்பக்கத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தன. வயலுக்குப் பாய வேண்டிய வாய்க்கால் திரும்ப ஏரிக்கே போய் விழுவது போலத்தான். தென்னை ஈர்க்கைவிடச் சற்றே பருத்த குழாய்கள் அவை. அவற்றை வெட்டித் திருப்பி, இருதயத்தின் பின்சுவரில் துளை செய்து, மயிரினும் மெல்லிய நூலால் தைக்க வேண்டும். துடித்துக்கொண்டும் ரத்தம் பொங்கிக்கொண்டும் இருக்கிற இடத்தில், ஊசி முனையை எங்கே வைப்பது?

ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் தைக்கலாமே எனின், மூளை இடம் கொடுப்பதில்லை. மற்ற உறுப்புகள் சிறிது நேரம் பட்டினி பொறுக்கும், மூளை பொறுக்காது. சாதாரண உடற்சூட்டில், அதாவது 37 டிகிரி சென்டிகிரேடில், நான்கைந்து நிமிடம் ரத்தம் செல்லாவிட்டால் மூளையின் உயிரணுக்கள் மாளத் தொடங்கும். மேற்சொன்ன தையலுக்கோ அரைமணிக்குக் குறையாமல் வேண்டும். ஐந்து நிமிடத்தை அரைமணியாக நீட்டுவது எப்படி என்பதே கேள்வி.

விடை உங்கள் ரசாயனப் பாடத்திலேயே இருக்கிறது. வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ரசாயன மாறுதலின் வேகம் ஏறத்தாழப் பாதியாகவோ, அதற்கும் கீழாகவோ குறைகிறது என்று படித்திருப்பீர்கள். உயிர்ப்பொருளும் ரசாயனந்தான். மார்கழி விடியலில் வேலியில் ஒட்டியிருக்கும் ஓணானைப் பாருங்கள். கையால் எடுத்துவிடலாம் போல அசையாமல் கிடக்கும். வெயில் ஏறியதும் ஓட்டமெடுக்கும். குளிர்ந்திருந்த நேரத்தில் அது சாகவில்லை, செலவைக் குறைத்துக்கொண்டிருந்தது.

மனிதன் ஓணான் அல்லனே என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. நமக்குக் குளிர் எடுத்தால் உடல் நடுங்குகிறது. அந்த நடுக்கம் தசைகள் சூடு உண்டாக்கச் செய்யும் முயற்சி. ஆகவே குளிரில் மனிதனின் பிராணவாயுச் செலவு முதலில் குறைவதற்கு மாறாகக் கூடுகிறது. இந்தக் காரணத்தினால், உடலைக் குளிர்விப்பதில் பயனில்லை என்றே வெகுகாலம் கருதப்பட்டது. கனடாவின் டொராண்டோ நகரில் பணியாற்றிய வில்பிரட் பிக்லோ என்னும் அறுவை மருத்துவர்தான் இந்த முடிச்சை அவிழ்த்தார். 1941-ல் உறைபனியால் கருகிய விரல்களை ஒரு நோயாளியிடமிருந்து அகற்ற நேர்ந்தபோது, குளிர் திசுக்களை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சியில் அவர் இறங்கினார். பின்னர் நாய்களுக்கு ஆழ்ந்த மயக்க மருந்து கொடுத்து, நடுக்கத்தை அடியோடு நிறுத்தி, அதன்பின் குளிர்வித்துப் பார்த்தார். வெப்பம் இறங்க இறங்கப் பிராணவாயுச் செலவும் படிப்படியாக இறங்கிற்று. 1950-ல், 20 டிகிரிக்குக் குளிர்வித்த நாய்களின் இருதயத்துக்குள் ரத்தம் வராமல் கால் மணி நேரம் தடுத்துவைத்த பின்னும் அவற்றுட் சில உயிர் மீண்டதை அவர் வெளியிட்டார்.

பிக்லோவைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் சொல்ல ஆசை. அவருடைய ஆய்வில் குளிர்ந்து நின்றுபோன ஒரு நாயின் இருதயத்தைக் கருவி முனையால் தொட்டபோது, அது ஒருமுறை சுருங்கிற்று; மீண்டும் தொட, மீண்டும் சுருங்கிற்று. மின்சாரத்தால் இருதயத்தை இயக்கும் கருவி அந்தத் தற்செயலிலிருந்துதான் அவருடைய கூட்டத்தாருக்கு உருவாயிற்று. மற்றொன்று, கிரவுண்ட்ஹாக் எனப்படும், அணில் இனத்தைச் சேர்ந்த கொழுத்த விலங்கைப் பற்றியது. அது குளிர்காலம் முழுவதும் வளையில் உறங்கும். அப்போது அதன் உடற்சூடு உறைநிலைக்குச் சில டிகிரி மேலே நிற்கும். அந்த உறக்கத்தைத் தரும் மருந்துப் பொருளைக் கண்டுபிடிக்கப் பிக்லோ பல ஆண்டுகள் உழைத்தார். கண்டுபிடித்துவிட்டதாக நம்பி அதற்குப் பெயரும் வைத்தார். கடைசியில் பார்த்தால், அது ஆய்வுக்குப் பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாயிலிருந்து கரைந்து வந்த பொருள்! இதை அவர் மறைக்கவில்லை. பரிசோதனை முடிவு தவறியதும் புத்தகத்தைப் பார்த்து விடையை எழுதிவிடும் மாணவர்களுக்கு இந்தக் கதையைப் பலமுறை நான் சொல்லியிருக்கிறேன்.

மனிதரிடத்தில் இம்முறையை முதன்முதல் வெற்றியாகச் செய்தவர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லூயிஸ். 1952 செப்டம்பர் 2 அன்று, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் குளிர்விரிப்புகளால் போர்த்தி 28 டிகிரிக்கு இறக்கினார்கள். ரத்த ஓட்டத்தை ஐந்தரை நிமிடம் தடுத்து, இருதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலிருந்த துளையைத் தைத்து மூடினார்கள். பிறகு, பண்ணையில் கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி ஒன்றில் வெந்நீர் நிரப்பி, அதில் அச்சிறுமியைக் கிடத்திச் சூடேற்றினார்கள். பெரிய காரியத்துக்கெல்லாம் பெரிய கருவி வேண்டும் என்பதில்லை.

ஐந்தரை நிமிடத்தில் ஒரு துளையை அடைக்கலாம். சிக்கலான பழுதைச் சீராக்க முடியாது. இன்னும் குளிர்வித்தாலோ இருதயம் ஒழுங்கிழந்து, சுருங்கி விரியாமல் புழுக்கூட்டம்போல் நெளியத் தொடங்கும். ஆக, பனிக்கட்டியும் விரிப்பும் மட்டும் கொண்டு செல்லக்கூடிய தொலைவுக்கு ஓர் எல்லை இருந்தது. 1953-ல் ஜான் கிப்பன் என்பவர் இருதய-நுரையீரல் இயந்திரத்தை முதன்முதலாக வெற்றியுடன் பயன்படுத்தினார். உடலிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்துப் பிராணவாயு ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரம் அது. அது வந்தபின் குளிர் எதற்கு என்று பலரும் எண்ணினார்கள். பெரியவர்களைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பெரும்பாலும் சரி. பச்சிளங் குழந்தைகளைப் பொறுத்தவரை அது சரியன்று.

ஏன் என்று பாருங்கள். மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் இருக்கும் ரத்தம் மொத்தம் கால் லிட்டர்தான். ஒரு பெரிய டம்ளர் அளவு. அக்காலத்து இயந்திரத்தின் குழாய்களை நிரப்பவே அதைப்போலப் பல மடங்கு ரத்தம் வேண்டும். அவ்வளவும் அயலார் ரத்தம். நீண்ட நேரம் அதில் சுற்றினால் குழந்தையின் உடல் வீங்கிவிடும். மேலும், குழந்தையின் இருதயம் அதன் மூடிய கைப்பிடி அளவே உள்ளது. அந்தச் சிறிய இடத்துக்குள் இயந்திரத்தின் குழாய்களைச் செருகிவிட்டால் மருத்துவரின் ஊசிக்கு இடம் எங்கே?

இங்கேதான் ஆழ்ந்த குளிர்ச்சி மீண்டும் வந்தது. லண்டனில் சார்லஸ் டுரூ 1959-ல் இறைப்பான்களைக் கொண்டு ரத்தத்தையே குளிரச் செய்து 15 டிகிரி வரை இறக்கும் வழியைக் காட்டினார். ஜப்பானில் கியோட்டோவின் ஹிகாசா குழுவினர், சிசுவைப் பனிக்கட்டியால் குளிர்வித்து, இயந்திரத்தால் சூடேற்றும் முறையை 1967-ல் வெளியிட்டார்கள். நியூசிலாந்தின் ஆக்லந்து நகரில் பாரட்-பாய்ஸ் 1969 முதல் அதைக் கைக்கொண்டு செம்மைப்படுத்தினார். பெரிதாக வளரட்டும் என்று காத்திருந்து பல குழந்தைகளை இழந்துகொண்டிருந்த வழக்கம், அவருக்குப்பின் உலகெங்கும் மாறலாயிற்று. சிசுப் பருவத்திலேயே பழுதை முழுவதும் திருத்திவிடலாம் என்ற துணிவு பிறந்தது.

அவர் செய்த முறை இது. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தபின், பனிக்கட்டிப் பைகளைச் சுற்றிலும் வைப்பார்கள். குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். ஆதலால் அது விரைவில் குளிரும். 25 டிகிரியை அடுத்ததும் பைகளை எடுத்துவிட்டு மார்பைத் திறந்து, இயந்திரத்தோடு இணைத்துச் சில நிமிடங்களில் மேலும் குளிர்விப்பார்கள். இன்று பெரும்பாலும் பனிக்கட்டி தலையைச் சுற்றி மட்டுமே வைக்கப்படுகிறது. இயந்திரத்திலுள்ள குளிர்நீர் ரத்தத்தைக் குளிர்விக்கும் வேலையை முழுவதும் ஏற்றுக்கொண்டது. மூக்கின் உட்புறத்தில் ஒரு வெப்பமானி, மலக்குடலில் மற்றொன்று. முன்னது மூளைக்கு அருகில் உள்ள சூட்டையும், பின்னது உடலின் சூட்டையும் காட்டும். இரண்டும் 18 டிகிரியை நெருங்க வேண்டும். அவசரப்பட்டால் ஆபத்து, மூளையின் உட்பகுதிகள் குளிராமலே இருந்துவிடும். குறைந்தது இருபது நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அனுபவத்தில் கண்ட விதி. குளிர்ந்த ரத்தம் பாகுபோல் தடித்துப் போவதால், அதை உப்புநீர்க் கரைசல் சேர்த்து நெகிழ்த்துவதும் உண்டு.

18 டிகிரியில் உடலின் செலவு சாதாரண நிலையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இப்போது இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். குழந்தையின் ரத்தம் வடிந்து இயந்திரத்தின் தொட்டிக்குப் போய்விடுகிறது. செருகியிருந்த குழாய்களையும் எடுத்துவிடலாம். இருதயம் துடிக்கவில்லை, மூச்சு இல்லை, மூளையின் மின்னலைகளை வரையும் கருவி நேர்கோடு போடுகிறது. ரத்தமோ அசைவோ இல்லாத, துடைத்து வைத்தாற்போன்ற அந்த இடத்தில் மருத்துவர் தைக்கத் தொடங்குகிறார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். தையல் முடிந்ததும் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் பார்த்து மீண்டும் குழாய்களைச் செருகி, ரத்தத்தைத் திருப்பி அனுப்பிச் சிறிது சிறிதாகச் சூடேற்றுவார்கள். சூடேற்றும்போது பொறுமை இன்னும் அதிகமாக வேண்டும். மூளை அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டால், குளிரால் காத்ததெல்லாம் வீணாகும். முப்பது டிகிரியை நெருங்கும்போது இருதயம் பெரும்பாலும் தானாகவே துடிக்கத் தொடங்கும். அதை நேரில் பலமுறை பார்த்த என் மாணவர், "ஒவ்வொரு தடவையும் அந்த முதல் துடிப்பு வரும் வரையில் நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் சார் நிற்கிறேன்" என்றார்.

நம் நாட்டில் மார்பு அறுவைச் சிகிச்சைக்கென்று தனித்துறை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் முதன்முதல் தோன்றியது. அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் 1949-ல் அதைத் தொடங்கினார். அங்கேயே 1960-களின் தொடக்கத்தில் டாக்டர் என். கோபிநாத் இயந்திரத் துணையோடு திறந்த இருதயச் சிகிச்சையை வெற்றியுடன் செய்து காட்டினார். இன்று சிசுக்களின் இருதயத்தைத் திறக்கும் மருத்துவமனைகள் சென்னையிலேயே பல உள்ளன. நெட்டப்பாக்கத்திலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவில் இத்தகைய வசதி வரும் என்று என் இளமையில் எவரும் நினைத்ததில்லை.

குளிர் என்றால் எல்லாக் குழந்தைக்கும் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட சிசுக்களை, 33, 34 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கும் மிதமான குளிர்ச்சி முறை வேறு. மேல்நாடுகளில் அது பயன் தந்தது. ஆனால், சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலும் இலங்கையிலும் வங்காள தேசத்திலும் 408 குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2021-ல் வெளிவந்தது. அதில் குளிர்விக்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு குறையவில்லை, கூடியே இருந்தது. ஓரிடத்தில் உண்மையானது வேறோர் இடத்தில் பொய்க்கலாம். அளந்து பார்க்காமல் தெரியாது.

அளந்து பார்ப்பது என்றேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டோம். 18 டிகிரியில் ரத்தமின்றி எத்தனை நிமிடம் இருக்கலாம்? முதலில் ஒரு மணி நேரம் என்றார்கள். குழந்தைகள் பிழைத்தார்கள், பால் குடித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். சிலருக்குப் பின்னர் வலிப்பு வந்தது. சிலருக்குக் கைகால்கள் தம் வசமின்றி அசைந்தன. ஆகவே அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர்கள், 1988 முதல் 1992 வரை, இருதயத்தின் இரு பெருங்குழாய்கள் இடம் மாறிப் பிறந்த 171 சிசுக்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ரத்த ஓட்டத்தை முழுவதும் நிறுத்தினார்கள். மற்றதற்கு, அதே குளிரில், சிறிதளவு ஓட்டத்தை இயந்திரத்தால் விடாமல் வைத்திருந்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பது குலுக்கல் போல முடிவாயிற்று. முழுவதும் நிறுத்திய பிரிவில் வலிப்பு அதிகம் கண்டது. ஒரு வயதில் உட்காருதல், தவழ்தல் முதலிய இயக்கங்களில் அவர்கள் பின்தங்கினார்கள்.

அந்த ஆய்வாளர்கள் அத்தோடு விடவில்லை. அக்குழந்தைகளை நான்கு வயதில், எட்டு வயதில், பதினாறு வயதில் மீண்டும் மீண்டும் அழைத்துப் பரிசோதித்தார்கள். பேச்சு, கைத்திறன், கணக்கு, படிப்பு, கவனம் எல்லாவற்றையும் அளந்தார்கள். எட்டு வயதில், நிறுத்திய பிரிவினர் கைத்திறனிலும் பேச்சிலும் குறைந்திருந்தார்கள். ஓட்டம் வைத்திருந்த பிரிவினரோ படபடப்பிலும் நடத்தையிலும் குறைந்திருந்தார்கள்! பதினாறு வயதில் இரு பிரிவுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஆயினும் இரண்டிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் பள்ளியில் தனி உதவி பெற்றே படித்திருந்தார்கள். நிறுத்தும் நேரம் ஏறத்தாழ 40 நிமிடம் வரை பெரும் கேடு தெரியவில்லை என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை ஏறுகிறது என்றும் அந்தக் கணக்குகள் காட்டின. அறுவைக் கூடத்துக் கடிகாரத்துக்கு அளவு வகுத்தவை பள்ளிக்கூடத்து மேசைமேல் நடந்த தேர்வுகள். ஆசிரியனாக இருந்தவனுக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்?

இதன் பயனாகவே இன்று, தவிர்க்கக்கூடிய இடத்தில் ஓட்டத்தை முழுவதும் நிறுத்துவதில்லை. பெருந்தமனியின் வளைவைச் சீராக்கும்போதுகூட, தலைக்குப் போகும் தமனி ஒன்றின் வழியாக மூளைக்கு மட்டும் ரத்தத்தைச் செலுத்திக்கொண்டே வேலை செய்யும் வழக்கம் 1990-களிலிருந்து பரவியிருக்கிறது. இயந்திரத்தின் குழாய்களும் மிகச் சிறியனவாகிவிட்டன. ஆயினும், நம் தெருக் குழந்தைக்கு இருந்தது போன்ற சில பழுதுகளுக்கு ரத்தமற்ற இடமே வேண்டும் என்று கருதும் மருத்துவர்கள் இன்றும் உண்டு.

அக்குழந்தை முப்பத்தோராம் நாளில் சென்னையில் அறுவைச் சிகிச்சை பெற்றது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது, மருத்துவமனை கொடுத்த தாளைப் படித்துக் காட்டும்படி அந்த மூதாட்டி கொண்டுவந்தார். குறைந்த வெப்பம் 18 டிகிரி, ரத்த ஓட்டம் நிறுத்தப்பட்ட நேரம் 34 நிமிடம் என்று எழுதியிருந்தது. அதைத் தமிழில் சொன்னேன். "முப்பத்திநாலு நிமிசமா?" என்றவர், மடியில் கிடந்த பேத்தியின் நெற்றியில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். பின் பேசாமல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்து எழுந்து போனார்.

இப்போது அச்சிறுமி இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். ஆண்டுக்கு ஒருமுறை சென்னைக்குப் போய் வருகிறாள். இருதயத்தைப் பார்த்த பிறகு, படிக்கிறாளா, பந்து பிடிக்கிறாளா, பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறாளா என்றும் அங்கே கேட்கிறார்கள். கேட்பதன் காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும். கூட்டலில் அவளுக்கு நல்ல விரைவு. எழுத்தை இரு கோடுகளுக்குள் அடக்குவதற்கு மட்டும் சற்று நேரம் பிடிக்கிறது. அந்த வயதில் பல பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அதற்கும் அந்த 34 நிமிடத்துக்கும் முடிச்சுப் போட எவராலும் இயலாது. மாலையில் சிலேட்டை எடுத்துக்கொண்டு என் திண்ணைக்கு வருகிறாள். நாள்தோறும் ஒரு பக்கம் எழுதுகிறோம்.